நீர்க்குமிழியும் மின்னாற்றலும்

(கொல்லிமலை அரியூர் நாட்டு மக்களுக்கான அறிவியற் பொழிவின் எழுத்து வடிவம்)



கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்று இவ் அரியூர் நாடு. மலைமேல் பெய்யும் மழை ஓடையாகிப் பாறையில் மோதி நுரைத்து ஓடுகின்றது. அந் நுரையில் பிறக்கும் குமிழியை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகவே தமிழர் நெடுங்காலம் சொல்லி வந்தனர். நொடியில் தோன்றி நொடியில் உடையும் அக் குமிழியினின்று மின்னாற்றலைப் பெற முடியுமா என்று இன்றைய அறிவியல் வினவுகின்றது. முடியும் என்பதே விடை. ஆயினும் எவ்வளவு, எதிலிருந்து, எதற்கு என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே அவ்விடை முழுமை பெறும்.

முதற்கண் சொல்லை நோக்குக. மேலைநாட்டார் மின்னுக்கு இட்ட பெயர், கல்லாய் இறுகிய மரப்பிசினைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அப் பிசினைத் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும். அதனால் வந்தது அப்பெயர். தமிழரோ, மின்னுதல் என்னும் வினையினின்று 'மின்' என்றனர். முகிலிடைத் தோன்றும் ஒளியையும் அச்சொல்லாலேயே சுட்டினர். அம் முகிலில் நிகழ்வது யாது? பனித்துகள்களும் சிறு பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதிப் பிரிகையில் நேர்மின் ஒருபாலும் எதிர்மின் ஒருபாலும் ஒதுங்குகின்றன. ஆக, கிரேக்கர் தேய்த்த பிசினும் தமிழர் கண்ட மின்னலும் ஓர் உண்மையையே உணர்த்துகின்றன. இரு பொருள்கள் தொட்டுப் பிரியுமிடத்தில் மின்னூட்டமும் பிரியும். குமிழி தரும் மின்னுக்கும் அடிப்படை இதுவே.

நீரைக் கொண்டு இவ்வாறு மின்னூட்டம் பிரிப்பது புதுமையன்று. பின்னாளில் கெல்வின் பெருமகன் எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், 1867ஆம் ஆண்டில் ஒரு கருவியைக் காட்டினார். இரு நீர்த்தாரைகள் இரு மாழை வளையங்களின் ஊடே துளித்துளியாய் இரு கலங்களில் வீழும். ஒவ்வொரு வளையமும் எதிர்ப்பக்கத்துக் கலத்தோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலத்தில் எழும் மிகச் சிறு மின்னூட்டம் மற்றதன் மின்னூட்டத்தைப் பெருக்க, அது மீண்டும் முன்னதைப் பெருக்கும். முடிவில் ஆயிரக்கணக்கான வோல்ட்டு அழுத்தம் ஏறி, பொறி பறக்கும். 1892ஆம் ஆண்டில் பிலிப்பு இலெனார்டு என்பார் அருவிகளின் அடியை ஆய்ந்தார். நீர் சிதறுங்கால் நுண்திவலைகள் எதிர்மின்னைச் சுமந்து காற்றில் கலத்தலையும், பெருந்துளிகள் நேர்மின்னோடு நிற்றலையும் எடுத்துரைத்தார். அருவிச் சாரலில் முகம் நனைப்போர் அம் மின்னூட்டக் காற்றையே உயிர்க்கின்றனர்.

அண்மை ஆண்டுகளில் இவ்வாய்வு புத்துயிர் பெற்றது. 2020ஆம் ஆண்டில் ஆங்காங் நகரப் பல்கலைக்கழகத்தார், 15 செ.மீ. உயரத்தினின்று வீழ்ந்த ஒரே துளியால் 140 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்கி, 100 சிறு விளக்குகளை நொடிப்பொழுதுக்கும் குறைவாக ஒளிரச் செய்தனர். 2021ஆம் ஆண்டில் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் நீரசு கரேயின் குழுவினர், மழைத்துளியாலும் நீரோட்டத்தாலும் சில மில்லிவாட்டுத் திறன் பெறும் கருவியை அறிவித்தனர்.

துளியின் மறுதலையே குமிழி. காற்றிடை நீர் இறங்குவது துளி. நீரிடைக் காற்று ஏறுவது குமிழி. நீர் ஒட்டாப் படலம் ஒன்றை நீருள் அமிழ்த்தினால், படலத்தின் பரப்பில் எதிர்மின்னூட்டம் படியும். அதனை ஒட்டி நீரில் நேர்மின்னூட்டம் சூழும். கீழிருந்து ஏறும் குமிழி படலத்தைத் தொட்டுப் பரவுங்கால் ஆங்குள்ள நீர் விலகும், சமநிலை குலையும், படலத்தின் பின்னுள்ள கம்பிவழி மின்னணுக்கள் ஓடும். குமிழி அகன்றதும் நீர் மீளும். மின்னோட்டமும் எதிர்த்திசையில் திரும்பும்.

இனி, எவ்வளவு என்னும் வினா. ஒரு கன செ.மீ. குமிழி நீருள் ஒரு மீட்டர் ஏறுங்கால் வெளிப்படும் ஆற்றல், சிறிதும் வீணாகாது பிடித்தாலும், யூல் என்னும் அலகில் நூற்றிலொரு பங்கே. 5 வாட்டு விளக்கு ஒன்று எரிய, நொடிதோறும் அத்தகைய 500 குமிழிகள் வேண்டும். இதனோடு அருவியை ஒப்பிடுக. இம் மலையின் ஆகாயகங்கை அருவி ஏறத்தாழ 300 அடி உயரமுடையது. அவ்வுயரத்தினின்று வீழும் ஒரே ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 900 யூல் ஆற்றலைத் தரவல்லது. அஃது ஏறத்தாழ 90,000 குமிழிகளின் ஆற்றலுக்கு ஒப்பாகும்.

அடுத்தது, எதிலிருந்து என்னும் வினா. குமிழி தானே ஆற்றலைப் படைப்பதில்லை. நீரின் அடியில் காற்றைச் செலுத்த ஒருவர் ஆற்றல் செலவிட்டிருத்தல் வேண்டும். எக்கி வைத்துக் காற்றைச் செலுத்தி, அக் குமிழியால் மின்னெடுத்து, அம் மின்னாலேயே எக்கியை ஓட்டலாம் என்று எவரேனும் கூறின், அது கடன் வாங்கிக் கடன் அடைக்கும் கதையே. ஒவ்வொரு சுற்றிலும் இழப்பே மிஞ்சும். அருவி தன் வீழ்ச்சியால் அடியில் அமிழ்த்தும் காற்றும், சதுப்பு நிலத்தில் தானே எழும் வளியும், சாண எரிவளிக் கலனில் நுரைக்கும் வளியுமே செலவின்றிக் கிடைக்கும் குமிழிகள்.

எதற்கு என்பது மூன்றாம் வினா. ஊருக்கு விளக்கேற்ற அன்று. ஓடையின் நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் மழையின் அளவையும் இடைவிட்டு அளந்து சொல்லும் சிறு கருவிகளுக்கு மில்லிவாட்டே போதும். மின்கம்பி எட்டாத பள்ளத்தாக்கில், மின்கலம் மாற்ற ஆள் ஏறிச் செல்ல இயலாத இடத்தில், அச் சிறு மின் பெரும்பணி ஆற்றும். எறும்பு யானையின் சுமையைத் தூக்காது. எறும்பின் வேலையை யானையும் செய்யாது.

பெருமக்களே! புதுமை ஒன்று வந்தால் அதனை வானளாவப் புகழ்வோரும் உளர். இது என்ன பொம்மை என்று எள்ளுவோரும் உளர். இரு சாராரும் கணக்கிடாதவரே. கணக்கிடும் ஆற்றல், கருத்து விளங்கும் மொழியில் கற்பார்க்கே கைகூடும். 'உராய்வு மின்' என்று கேட்ட மலைச்சிறுவன் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்ப்பான். பொருள் விளங்காத அயற்சொல்லைக் கேட்டவனோ அதனை மனப்பாடம் செய்து மறப்பான். கெல்வின் கருவியைச் செய்ய நான்கு தகரக் குவளைகளும் சிறிது கம்பியும் மின்கடத்தா அடித்தட்டும் உலர்ந்த நாளும் போதும். மலைப்பள்ளி ஒவ்வொன்றிலும் அதனைச் செய்து காட்டுதல் அருஞ்செயலன்று.

இம் மலையின் நீரைக் கொண்டு 20 மெகாவாட்டுத் திறனுள்ள நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டது. எவ்வோடையின் நீர், எத்துணை லிட்டர், எவ்வளவு உயரம், வேனிலில் வயலுக்கு எஞ்சுவது எவ்வளவு என்று வினவ இம் மலைமக்களுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை வாயளவில் நில்லாது பயன்தர வேண்டுமாயின், அளக்கும் அறிவு அவர்தம் கையில் இருத்தல் வேண்டும். தன் நீரைத் தான் அளக்கத் தெரியாத நாட்டின் நீரைப் பிறரே அளப்பர். ஒரு குமிழியின் ஆற்றலைக் கணக்கிடக் கற்ற சிறுவன், நாளை ஓர் அருவியின் கணக்கையும் கேட்பான். அவனுக்கு அக் கணக்கை அவன் தாய்மொழியாம் தமிழில் கற்பிப்பது தமிழறிந்தார் கடன்!