கண்ணில் பூ விழாமல் காப்போம்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று கண்ணைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கண் போனால் தொழிலும் போகும். ஆகவே இதுவும் சங்கத்தின் காரியமே.

“அவர் கண்ணில் பூ விழுந்திருக்கிறது” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. கருவிழியின்மேல் வெள்ளையாகத் தெரியும் அந்தப் பூ எப்படி வருகிறது? தலையெழுத்து என்பார் சிலர். கண்ணேறு என்பார் சிலர். பெரும்பாலோருக்கு அது ஆறிய புண்ணின் தழும்பே தவிர வேறல்ல.

கடிகாரத்தின் முகத்தில் கண்ணாடி இருப்பதுபோல், கருவிழியின் முன்னால் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. வைத்தியர்கள் அதைக் கார்னியா என்கிறார்கள். நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஒளி தடையின்றி உள்ளே போகவேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய்கள் கிடையா. மேலாகச் சிறு கீறல் விழுந்தால் ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். மூடுமுன் கிருமி புகுந்துவிட்டாலோ கீறல் புண்ணாகிறது. சில கிருமிகள் இரண்டு மூன்று நாளில் அப்படலத்தையே கரைத்துவிடக் கூடியவை.

கீறல் விழுவதற்கு நம் வட்டாரத்தில் காரணங்களுக்குக் குறைவில்லை. முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இந்நாளில் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது. பின்னர் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக் காடுகளாயின. குலை வெட்டும் தோழர் அண்ணாந்து பார்த்து, நீண்ட கம்பில் பொருத்திய அரிவாளை இழுக்கிறார். தூசியும் துரும்பும் நேரே கண்ணில் விழுகின்றன. மட்டை அடுக்குவோருக்கு முள். இயந்திரத்தால் புல் வெட்டுவோருக்குக் கல்லும் மண்ணும். பால்மரம் சீவுவோருக்குப் பட்டைத் துகள்.

உழைப்பாளிக்கு எங்கும் இதே கதைதான். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் விழிப்புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் அடியோ கீறலோ பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, மற்றப் பாதிப் பேருக்குக் காளான். பாக்டீரியாக்களில் முதலிடம் பெற்றது நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியே.

புண் ஆறிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணலாகாது. தழும்பு ஓரத்தில் நின்றால் பார்வை பிழைக்கும். நடுவில் நின்றால் பட்டப்பகலும் பனிமூட்டந்தான். மேடுபள்ளமான தழும்புக்கு மூக்குக்கண்ணாடியும் முழுப் பலன் தராது. புண் ஆழ்ந்துவிட்டால் படலம் மெலிந்து ஓட்டை விழும். உள்ளிருக்கும் கருந்திரை அந்த ஓட்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். சீழ் உள்ளே பரவினால் கண்ணையே எடுத்துவிட நேரும்.

“வேறு படலம் வைத்துத் தைக்கலாமே” என்று கேட்பீர்கள். ஆம், தைக்கலாம். 1905ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் எட்வர்ட் சிர்ம் என்ற வைத்தியர் அதில் முதல் வெற்றி கண்டார். சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்தையா 1948ஆம் ஆண்டில் செய்து காட்டினார். ஆனால் அதற்கு இறந்தவர் ஒருவரின் கண் தானமாகக் கிடைக்கவேண்டும். உடல் அதை ஏற்கவேண்டும். நெடுநாள் மருந்து விடவேண்டும். வருமுன் காப்பது இதைவிட எளிது.

எவ்வளவு எளிது என்பதற்கு நேப்பாளத்தின் பக்தபூர் சான்று. அங்கே 1991 முதல் 1993 வரை, கருவிழியில் கீறல்பட்ட 442 பேருக்குக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்கள் குளோராம்பெனிகால் களிம்பைத் தினம் மூன்று வேளையாக மூன்று நாள் இட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது! களிம்பு ஒன்றுதான், நாள் தள்ளியதுதான் வேற்றுமை.

தோழர்களே, “இன்றைக்குக் குலைக் கணக்கு முடியட்டும், நாளைக்குப் பார்க்கலாம்” என்கிறோமே, அந்த நாளைதான் கண்ணைக் கெடுக்கிறது. ஒரு நாள் கூலிக்கு ஒரு கண்ணை விலை பேசலாமா?

கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். நாக்கால் துழாவித் தூசி எடுப்பது, தாய்ப்பால் பீச்சுவது, இலைச்சாறும் விளக்கெண்ணெயும் விடுவது எல்லாம் கிருமிக்கு வழிவிடுவதாகும். அடுத்த வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் மேலும் முற்றும். அன்றைக்கே தோட்ட மருந்தகத்துக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ போய்விடுங்கள். வலி, சிவப்பு, கூச்சம், மங்கல், வெள்ளைப் புள்ளி இவற்றில் எது கண்டாலும் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கோ கோலகுபு பாரு ஆஸ்பத்திரிக்கோ உடனே சென்று, கண் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் அதை முதலாளியின்மேல் சுமத்தியிருக்கிறது. முகத்துக்குப் பொருந்தும், வியர்வையில் மங்காத பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கண்ணில் அடிபட்டவர் கிளினிக்குக்குப் போகும் நாளில் கூலி வெட்டக் கூடாது. விபத்தை அன்றே பதிவு செய்து, 48 மணி நேரத்துக்குள் பெர்கெசோவுக்குத் தெரிவிக்கவேண்டும். பதிவு இல்லையேல் பின்னால் பார்வை மங்கும்போது, அது வேலையில் வந்தது என்று காட்டுவது கடினம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பெர்கெசோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உரிமைக்காகச் சங்கம் பேசும். ஆனால் முதல் நாளில் கிளினிக்குக்கு நடக்கவேண்டியவர் நீங்கள்தாம். கண்ணில் பட்டால், அன்றே காட்டுவோம், அன்றே பதிவோம்!