புளியங்கொட்டையும் பெருக்கல் வாய்பாடும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் வாய்பாட்டைப் பற்றிப் பேச முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியைவிட்டு விலகும் பாதை கணக்கு வகுப்பிலேயே தொடங்குவதைக் கண்டவர்கள் நாம். நாம் நான்காம் வகுப்பில் பயின்ற நாளில், ஏழாம் வாய்பாட்டில் தடுமாறி நின்றபோது, "உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது" என்றார் ஆசிரியர் ஒருவர். வீட்டில் ஒப்புவித்துக் கேட்க எழுத்தறிந்தவர் இல்லை என்பதே உண்மை. அது அறிவுக் குறை அன்று, வாய்ப்புக் குறை. பள்ளியில் தாம் கொண்டுசென்ற சாக்கின்மேல் தனித்து அமர்த்தப்பட்ட சிறுவரே, பின்னாளில் நாணயப் பொருளாதாரம் பற்றிய தம் ஆய்வு நூலை 1923-இல் இலண்டனில் வெளியிட்ட அண்ணல் அம்பேத்கர் என்பதை மறவாதீர்கள்.

இனி முறையைக் கூறுவோம். பிள்ளையிடம் 12 புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். ஒன்றும் மிஞ்சாமல், எல்லா வரிசையும் சமமாக இருக்குமாறு அடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் 12 வைக்கலாம். இரு வரிசையில் 6 வீதம் வைக்கலாம். மூன்று வரிசையில் 4 வீதம் வைக்கலாம். நான்கு வரிசையாக்கினால் முன்னர் அடுக்கிய செவ்வகமே திரும்பி நிற்கும். ஆகவே தேடலை அங்கே நிறுத்தலாம். 1, 12, 2, 6, 3, 4 ஆகிய இவையே பன்னிரண்டின் காரணி இணைகள். மூன்று நான்கும் நான்கு மூன்றும் ஒன்றே எனக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு வாய்பாட்டுச் சுமையில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடுகிறது.

அடுத்து 13 கொட்டைகளைக் கொடுங்கள். இரண்டு வரிசையாக்கினாலும் ஒன்று மிஞ்சும். மூன்றாக்கினாலும் ஒன்று மிஞ்சும். ஒரே நீள வரிசையன்றி வேறு வழியில்லை. அதுவே பகா எண். 36 கொடுத்தால் ஐந்து வகையாக அடுக்கலாம். அவற்றுள் ஆறுக்கு ஆறு சதுரமாகவே அமையும்.

ஏழெட்டு மறந்துவிட்டதா? ஏழு வரிசையில் எட்டு வீதம் அடுக்கி, இடையே ஒரு குச்சியை வையுங்கள். ஒருபுறம் ஏழைந்து 35, மறுபுறம் ஏழுமூன்று 21, கூட்டினால் 56. மறந்ததை மீட்கும் வழி அறிந்த பிள்ளை பிரம்புக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

தாய்மார்களே, இது உங்களுக்குப் புதிதன்று. பல்லாங்குழியில் இரு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆகப் பதினான்கு. குழிக்கு ஐந்து வீதம் இட்டால் எழுபது. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டிமார் விரல் நுனியில் வைத்திருந்த கணக்கு இது.

இதனால் பயன் யாதெனக் கேட்கலாம். 30 அடிக்கு 40 அடி மனையும், 24 அடிக்கு 50 அடி மனையும் வடிவில் வேறு. பரப்பில் இரண்டும் 1200 சதுர அடியே. ஆனால் 20 அடிக்கு 50 அடி மனையைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 140 அடி வரும். 30-க்கு 40 மனைக்கும் அதே 140 அடிதான். "கயிறு சமம், மனையும் சமம்" என்று ஒருவர் கூறினால், கணக்கறியாதவர் 200 சதுர அடி நிலத்தை இழந்து கையொப்பமிடுவார். நமக்கு ஒரு சாண் நிலமும் எளிதில் வாய்த்ததன்று. அதனைக் காக்கும் வேலி இந்தக் கணக்கே.

இளைஞர்களே! நாளும் மாலையில் அரைமணி நேரம், ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையுடன் நம் தெருப் பிள்ளைகள் நால்வரை அழைத்து உட்காருங்கள். விடையை நீங்கள் கூறாதீர்கள். அவர்களே அடுக்கிக் கண்டுபிடிக்கட்டும். பிழை நேரின் கடியாதீர்கள். மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். "கணக்கு ஏறாது" என்னும் சொல் நம் தலைமுறையோடு ஒழியட்டும்.