‘எங்கள்’ என்ற சொல்



இயேசு கற்பித்த ஜெபத்தில் ‘என்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அப்பமும் மன்னிப்பும் ‘எங்களுக்கு’ என்றே கேட்கப்படுகின்றன. தேவனுடைய இராச்சியம் வரவேண்டும் என்ற வேண்டுதலும் அதே ஜெபத்தில்தான் உள்ளது. காலைக் கூட்டத்தில் அதைக் கேட்டு வளர்ந்த நாமோ, அந்த இராச்சியத்தை இறந்தபின் தனித்தனியே போய்ச்சேரும் இடம் என்றே எண்ணியிருந்தோம்.

அது எப்போது வரும் என்று பரிசேயர் கேட்டதாக லூக்கா 17ஆம் அதிகாரம் சொல்கிறது. இயேசுவின் பதிலில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு ‘உள்ளே’ என்றும் ‘நடுவே’ என்றும் பொருள் கொள்வர். தமிழ் வேதாகமத்தின் ‘உங்களுக்குள்’ இரண்டையும் தாங்கும். “உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள்” என்று ஆசிரியை சொன்னால், ஒருவரோடொருவர் பேசுங்கள் என்பதுதானே அர்த்தம்?

கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை நாம் பாதையில்தான் கடந்தோம். ஜெபிப்பவருக்கும் தொழுபவருக்கும் கும்பிடுபவருக்கும் அதில் தனியிடம் இருக்கவில்லை. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் மாண்டார்கள். அன்றிரவு நாம் சொன்ன ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் அந்தப் பிள்ளைகளும் இருந்தார்களா?

இல்லையென்றால் நம் ஜெபம் பாதிதான். நூற்றாண்டு கண்ட நம் சங்கத்தின் உதவிக்கரம் பள்ளி மதிலோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த துறையில் பள்ளிக்கூடம் போகக் காத்து நிற்பதும் நம் பிள்ளைதான்.