யூனிஃபார்ம் அவனுது, செத்தது நம்ம ஆளு: அயர்லாந்தில் இன்னும் முடியாத சண்டை

(மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்ல, கார்டு டிசைன் பண்ணித்தான் பழக்கம். அதனால ஒரு கார்டுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

நம்ம ஊர்ப்பக்கம் சில கிராமங்கள்ல ஒரு பழைய கல்வெட்டு இருக்கும். 1914-1919 போருக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். பேர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். அப்படி ஒரு கல்லோட படத்தைப் போட்டு, மேல "அடிமைகளுக்கு எதுக்கு நினைவுச் சின்னம்?"னு கார்டு போட்டது நான்தான். நல்லா ஓடுச்சு. மறுநாள் அந்த ஊர் கிளைச் செயலாளர் போன் பண்ணார். "தம்பி, அந்த எண்ணிக்கையில ஒண்ணு எங்க பூட்டன்"னார். திட்டல. அவ்வளவுதான் சொன்னார், வெச்சுட்டார்.

இந்தக் கேள்வியை வெச்சு நூறு வருஷமா சண்டை போடற நாடு ஏதாவது இருக்கான்னு தேடினப்ப கிடைச்சது அயர்லாந்து.

1914 செப்டம்பர். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர்ற ஹோம் ரூல் சட்டம் லண்டன்ல நிறைவேறுது, கூடவே போரைக் காரணம் காட்டி நிறுத்தியும் வைக்கறாங்க. (அன்னி பெசன்ட் 1916-ல இங்க ஆரம்பிச்ச ஹோம் ரூல் இயக்கத்துக்குப் பேர் அங்கேருந்து வந்ததுதான்.) தன்னாட்சி கேட்ட கட்சியோட தலைவர் ஜான் ரெட்மண்ட், செப்டம்பர் 20 அன்னைக்கு உட்டன்பிரிட்ஜ்ல பேசறார். போர் எங்க நடக்குதோ அங்க போய் நில்லுங்கன்னு தன் தொண்டர்களையே கேட்கறார். தலைவர் சொன்னார், தொண்டன் போனான். போனா நாட்டுக்கு விடுதலை கிடைக்கும்னு நம்பினவங்க உண்டு. வேலை இல்லாம, வீட்டுக்குப் பணம் வருமேன்னு போனவங்களும் உண்டு. வடக்குல ஹோம் ரூல் வரவே கூடாதுன்னு நினைச்சவங்களும் அதே படையிலதான் சேர்ந்தாங்க. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல. செத்தவங்க கணக்கு 35,000-ன்னு சொல்றவங்க இருக்காங்க, 49,000-க்கு மேலன்னும் சொல்றாங்க.

1916 ஏப்ரல் 24. டப்ளின்ல விடுதலைக் கிளர்ச்சி வெடிக்குது. அதே வாரம் பிரான்ஸ்ல ஹுல்லுக் பக்கம் 16-வது ஐரிஷ் டிவிஷன் மேல ஜெர்மன் விஷவாயு. நூத்துக்கணக்குல செத்தாங்க. எதிர்ப் பதுங்குகுழியில இருந்து ஜெர்மன்காரன் அட்டை தூக்கிக் காட்டறான், உங்க ஊர்ல உங்க பொண்டாட்டி பிள்ளைங்களை இங்கிலீஷ்காரன் சுடறான்னு. அந்தக் குழிக்குள்ள நிக்கறவன் என்ன பண்ணுவான்?

1918 தேர்தல்ல, தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபெயின் 105 இடத்துல 73 ஜெயிக்குது. ரெட்மண்ட் கட்சி காலி. வீரனா ஊரை விட்டுப் போனவன் திரும்பி வரும்போது துரோகி.

ஆனா பாருங்க, கில்மைக்கேல் தாக்குதலை நடத்தின டாம் பேரி, பிரிட்டிஷ் படையில மெசபடோமியாவுல இருந்தவர்தான். 1916-ல சுட்டுக் கொல்லப்பட்ட ஜேம்ஸ் கானலி, இளவயசுல பிரிட்டிஷ் சிப்பாய். என் கார்டு லாஜிக்படி இவங்க ரெண்டு பேரும் அடிமைங்க! 1920 ஜூன்ல நம்ம பஞ்சாப்ல, ஜலந்தர்ல இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் படையோட ஐரிஷ் சிப்பாய்ங்க, சொந்த நாட்டுல பிரிட்டன் பண்ற கொடுமையைக் கேட்டு ஆயுதத்தைக் கீழ வெச்சாங்க. அதுல ஜேம்ஸ் டாலியை நவம்பர் 2 அன்னைக்கு தக்‌ஷாயில சுட்டுக் கொன்னாங்க. அவரும் அதே யூனிஃபார்ம்தான்.

டப்ளின் ஐலண்ட்பிரிட்ஜ்ல ஒரு போர் நினைவுத் தோட்டம் இருக்கு. டிசைன் பண்ணவர் லட்யன்ஸ், டெல்லி இந்தியா கேட்டும் அவரோடதுதான். 1930-கள்ல கட்டி முடிச்சும், முறையான திறப்பு 1988-லதான். நடுவுல குப்பை மேடு மாதிரி கிடந்துச்சு. மறக்கறதும் ஒரு அரசியல் முடிவுதான் தோழர்களே. ரெண்டாம் உலகப் போர்ல ஐரிஷ் ராணுவத்தை விட்டு ஓடிப்போய் ஹிட்லருக்கு எதிரா பிரிட்டன் படையில சண்டை போட்ட சுமார் 5,000 பேருக்கு, 1945-ல 7 வருஷம் அரசு வேலை கிடையாதுன்னு உத்தரவு போட்டாங்க. 2013-லதான் சட்டம் போட்டு மன்னிச்சாங்க.

அப்ப எல்லாரையும் கும்பிட்டுடலாமா? அங்கதான் நான் நிக்கறேன்.

டெர்ரியில பிறந்த கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்ளீன், இங்கிலாந்துல ஆடும்போது சட்டையில சிவப்பு பாப்பி பூ குத்த மாட்டேன்னார். 2014-ல கிளப் தலைவருக்குக் கடிதமே எழுதினார்: ரெண்டு உலகப் போர்ல செத்தவங்களுக்கு மட்டும்னா தினமும் குத்திப்பேன், ஆனா அந்தப் பூ எல்லாப் போருக்கும் சேர்த்துன்னு. 1972 ஜனவரி 30 அன்னைக்கு அவர் ஊர்ல ஊர்வலம் போனவங்களை பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டு, அன்னைக்கே 13 பேர் செத்தாங்க. அந்த ஊர்ப் பையன்கிட்ட பூ குத்துன்னு கட்டாயப்படுத்தறது அராஜகம். அதே மாதிரி 1987 நவம்பர் 8, என்னிஸ்கில்லன்ல நினைவு நாளுக்குக் கூடின கூட்டத்துல ஐ.ஆர்.ஏ. குண்டு வெச்சு 11 பேரைக் கொன்னதும் அராஜகம். விடுதலைன்னு பேர் போட்டா அது சரியாகிடாது.

2011-ல எலிசபெத் ராணி டப்ளின் வந்தாங்க. முதல் நாள் பிரிட்டனை எதிர்த்துச் செத்தவங்க நினைவிடத்துல தலை குனிஞ்சாங்க, மறுநாள் ஐலண்ட்பிரிட்ஜ்ல மலர்வளையம். எதிர்ப்பு இருந்துச்சு, ஆனா பெரும்பாலானவங்க ஏத்துக்கிட்டாங்க. 2020 ஜனவரியில அரசு, பழைய பிரிட்டிஷ் காலத்து போலீசுக்கு டப்ளின் கோட்டையில நினைவு விழான்னு அறிவிச்சப்ப மட்டும் நாடே கொதிச்சுச்சு. 1920-ல ஊரைக் கொளுத்தின பிளாக் அண்ட் டான்ஸ் அந்தப் போலீஸ்ல இருந்தவங்க. விழாவைத் தள்ளி வெச்சாங்க. அந்தப் போலீஸ்லயும் நிறைய பேர் சாதாரண ஐரிஷ் வீட்டுப் பிள்ளைங்கதான், அவங்க குடும்பம் அழட்டும், யாரும் தடுக்கக் கூடாது. ஆனா அரசு மேடை போட்டு அந்தப் படைக்கே மரியாதை பண்ணா கேள்வி கேட்கத்தான் செய்வாங்க. நானா இருந்தாலும் கேட்பேன்.

என் கார்டு கேள்வி கேட்டது படையை இல்ல. பேர் கூட இல்லாத ஒரு எண்ணிக்கையை. கேட்கணும்னா, அவங்க பேரைக் கூட எழுதாம விட்ட அரசைக் கேட்டிருக்கணும்.

கார்டை எடுத்தாச்சு. கிளைச் செயலாளர்கிட்ட அவங்க பூட்டன் பேரைக் கேட்டிருக்கேன், வீட்டுல பெரியவங்களை விசாரிச்சுச் சொல்றேன்னிருக்கார். பழைய கார்டை ஷேர் பண்ணின தோழர்கள் தயவுசெஞ்சு நீக்கிடுங்க.