வேலை கிடைத்ததா? நிலைத்ததா?

(மாற்றுத்திறனாளரின் வேலைவாய்ப்புச் சேவைகள் குறித்து, கிண்ணியாவில் உழவரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



உங்கள் ஊருக்கு நான் பாலத்தின்மேல் வந்தேன். 396 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை, இந்த ஊர் மக்கள் திருகோணமலைக்குப் போகப் படகுத்துறையிற் காத்துநின்ற கதையை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் காத்துநின்றவர்கள். அதே கிண்ணியாவில், 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்ததையும் நீங்கள் மறக்கவில்லை. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் மாண்டார்கள். படகு இருந்தது, பயணிகள் இருந்தார்கள், இல்லாமற்போனது பாதுகாப்பு. அன்று ஊர் கேட்ட கேள்வி என்ன? இந்தப் படகைச் சோதித்தது யார்? ஓடலாம் என்று சொன்னது யார்?

அந்தக் கேள்வியைத்தான் இன்று வேறோர் ஆற்றங்கரையில் நின்று கேட்க வந்திருக்கிறேன். அந்த ஆற்றின் ஒரு கரையில் வீடு. மறு கரையில் வேலை. கண் தெரியாதவரும், காது கேளாதவரும், காலிழந்தவரும், அறிவு வளர்ச்சியிற் பின்தங்கியவரும் இந்தக் கரையிலே நிற்கிறார்கள். அக்கரை சேர்ப்போம் என்று சொல்லிப் படகுகள் பல வருகின்றன. அவற்றுக்குப் பணம் கொடுப்பது எப்படி, அவற்றின் தரத்தை அளப்பது எப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

இது எங்கோ தொலைவில் உள்ள சிறு கூட்டத்தின் கதையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேருக்கு, பார்ப்பதிலோ, கேட்பதிலோ, நடப்பதிலோ, நினைவிலோ, தம் வேலையைத் தாமே செய்துகொள்வதிலோ, பேசுவதிலோ இடர்ப்பாடு உண்டு. தொகையாகச் சொன்னால் 16 லட்சத்துக்கும் மேல். அவர்களிற் பலர் முதியோர் என்பது உண்மைதான். ஆனால் முதுமை வந்தவரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், உழைக்கும் வயதில் ஓர் ஊரே திண்ணையிற் குந்தியிருக்கிறது. போர் பறித்த கால்கள், 2004இன் ஆழிப்பேரலை விட்டுச் சென்ற காயங்கள், வீதி விபத்துகள், கதிரடிக்கும் இயந்திரத்திற் சிக்கிய கைகள், நீரிழிவால் வெட்டப்பட்ட பாதங்கள்: இவற்றில் ஒன்றேனும் காணாத தெரு இந்த மாவட்டத்தில் உண்டா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை மாற்றுத்திறனாளருக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணங்காட்டி வேலை மறுத்தலைத் தடுக்கிறது. 2003இல் தேசியக் கொள்கை வந்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதி செய்தது; அதன் 27ஆம் உறுப்புரை உழைக்கும் உரிமையைப் பேசுகிறது. காகிதத்திற் குறைவில்லை.

ஆனால் ஒதுக்கீடு என்பது குளம் மட்டுமே. குளம் நிறைந்தால் வயல் நனைந்துவிடுமா? வாய்க்கால் வேண்டாமா? பிரிட்டன் 1944ஆம் ஆண்டிலேயே, 20 அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுப்போர் நூற்றுக்கு மூவராக மாற்றுத்திறனாளரைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அரை நூற்றாண்டு அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. அதை மீறியதற்காக வழக்குக்கு இழுக்கப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1995இல் புதிய சட்டம் வந்தபோது அந்த ஒதுக்கீடே கைவிடப்பட்டது. வாய்க்கால் இல்லாக் குளத்தின் கதை அது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் உண்டு. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஒரு காலை இழந்தவர். தையல் பழகினார், சான்றிதழ் கொடுத்தார்கள். கைத்தொலைபேசி திருத்தப் பழகினார், சான்றிதழ் கொடுத்தார்கள். கணினி பழகினார், அதற்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் விழா நடந்தது, மாலை விழுந்தது, படம் எடுத்தார்கள். மூன்று சான்றிதழையும் மழை படாமல் ஒரு பொலித்தீன் பையிற் சுற்றி வைத்திருக்கிறார். "ஐயா, நான் படித்து முடித்தவன் என்று மூன்று பேர் எழுதித் தந்திருக்கிறார்கள். நாளை காலை எங்கே போவதென்று ஒருவரும் எழுதித் தரவில்லை" என்றார். நான் தலைகுனிந்தேன்.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்களுக்குப் பணம் தந்தவர்கள் என்ன கேட்டார்கள்? எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். தலைகளை எண்ணிக் காட்டினார்கள், பணம் வந்தது. எதை எண்ணிப் பணம் தருகிறோமோ, அதுவே விளையும். சான்றிதழை எண்ணினால் சான்றிதழ் விளையும். சம்பளத்தை எண்ணினாற்றான் சம்பளம் விளையும்.

தொழிற்பயிற்சிக்கு இந்நாட்டில் ஓர் அளவுகோல் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்கிறது. தேசிய தொழில் தகைமை என்று படிநிலை வகுத்திருக்கிறது. நல்லது. ஆனால் பயிற்சி முடிந்த வாசலிலிருந்து வேலைத்தலத்தின் வாசல்வரை உள்ள வழிக்கு அளவுகோல் எது? அந்த வழியிலே கூட வருவதுதான் வேலைவாய்ப்புச் சேவை. வருபவரின் திறனையும் விருப்பையும் அறிதல்; முதலாளியின் தேவையை அறிதல்; இரண்டையும் பொருத்துதல்; வாசலில் ஒரு சாய்தளம், நின்று செய்யும் வேலைக்கு ஓர் உயர்ந்த ஆசனம், காது கேளாதவருக்கு வாய்ச்சொல்லுக்குப் பதில் எழுத்துக் கட்டளை என்று வேலைத்தலத்தைச் சிறிது மாற்றியமைத்தல்; முதற்சில வாரங்கள் பக்கத்தில் நிற்றல்; சிக்கல் வந்தால் இருபுறமும் பேசித் தீர்த்தல். இவ்வளவும் செய்பவருக்கே சேவை வழங்குநர் என்ற பெயர் தகும்.

இதற்குப் பணம் கொடுக்கும் முறையை நெடுநாட் சோதித்த நாடு அவுஸ்திரேலியா. 2010 மார்ச் மாதம் அங்கே மாற்றுத்திறனாளர் வேலைவாய்ப்புச் சேவைத் திட்டம் தொடங்கியது. 2018இன் சீர்திருத்தத்துக்குப் பின், சேவை நிலையத்துக்கு ஒரு பகுதிக் கட்டணம் வழமையாகவும், மறு பகுதி பலன் கண்டபின்னும் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்தவர் 4 வாரம் நின்றால் ஒரு தொகை. 13 வாரம் நின்றால் ஒரு தொகை. 26 வாரம், 52 வாரம் என்று படிப்படியாக. வேலையிற் சேர்த்ததோடு கடமை தீரவில்லை, அவர் நிலைக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆனால் அங்கும் ஓட்டை இருந்தது. பலனுக்கே பணம் என்றால், எளிதில் வேலை பிடிக்கக் கூடியவரை முன்னே இழுத்து, கடினமானவரைப் பின்னே ஒதுக்கிவைக்கும் ஆசை பிறக்கும். நல்ல நெல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைக் களத்தில் விட்டுப்போகும் வியாபாரியைப் போல. அதைத் தடுக்க, ஆளின் தடைகளைக் கணித்து, கடினத்துக்கேற்ப ஐந்து படிகளாகக் கட்டணத்தை உயர்த்தினார்கள். நல்ல யோசனை. என்றாலும் செலவு ஏறிய அளவுக்குப் பலன் ஏறவில்லை என்று பின்னர் நடந்த மதிப்பாய்வு சொன்னது. 2025 நவம்பர் 1ஆம் நாள் அந்தத் திட்டம் முடிந்து, புதிய திட்டம் தொடங்கியது. செல்வம் கொழிக்கும் நாடே தன் வாய்க்காலைத் திரும்பத் திரும்பத் தோண்டிச் சீர்செய்கிறது. அவர்களைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லவில்லை. அவர்கள் விழுந்த குழியில் நாமும் விழ வேண்டாம் என்கிறேன்.

தரத்துக்கும் அங்கே ஆறு விதிகள் உண்டு: சேவை பெறுவோரின் உரிமை, சமூகத்திற் பங்குகொள்ளல், ஒவ்வொருவருக்கும் உரிய பலன், முறைப்பாடும் கருத்தும், சேவையை அடையும் வழி, நிலையத்தின் நிருவாகம். இவற்றை வெளியார் வந்து தணிக்கை செய்கிறார்கள். நமக்கு ஆறு வேண்டாம், மூன்று போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் வேலையில் நிற்கிறார்கள், என்ன சம்பளம் பெறுகிறார்கள் என்ற கணக்கைப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். இரண்டு, தனக்கு வேண்டிய வேலையை அவரே தெரிவு செய்யவும், நிலையத்தின்மேல் அச்சமின்றி முறையிடவும் வழி இருக்க வேண்டும். மூன்று, நிலையத்தைச் சோதிக்கும் குழுவில் மாற்றுத்திறனாளரே அமர வேண்டும். படகில் ஏறுபவனைக் கேட்காமல் படகுக்கு நற்சான்று கொடுப்பது தகுமா?

உழவர்களே, பணம் கொடுக்கும் முறையை உங்களிடமிருந்தே நான் கற்கிறேன். விதைநெல் இல்லாதவனிடம் போய், அறுவடை முடிந்தபின் பணம் தருகிறேன் என்றால் அவன் எப்படி விதைப்பான்? கிண்ணியா போன்ற ஊரில் உள்ள சிறு நிலையத்திடம், பலன் கண்டபின்னரே காசு என்றால், அது முதற்போகத்திலேயே மூடப்படும். முழுப் பணத்தையும் முன்னே கொடுத்தாலோ, விதைத்ததைப் பார்க்க எவரும் வயலுக்கு வரமாட்டார். ஆகவே விதைப்புக்கு ஒரு பகுதி. பயிர் நின்றபின் ஒரு பகுதி. அறுவடைக்குப் பின் மீதி. மேட்டு வயலுக்கு நீரேற்றக் கூடுதல் செலவு என்றால், மேட்டு வயலுக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்கிறார்கள். 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்ற நாடு இது என்கிறார்கள். உண்மை. ஆனால் ஜெர்மனியில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட வேலையிடங்களை உடையோர், நூற்றுக்கு ஐந்து இடங்களைக் கடும் குறைபாடுள்ளோருக்குத் தர வேண்டும். தராவிட்டால் தண்டம்போல ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தப் பணம் மாற்றுத்திறனாளரின் வேலைக்கே செலவாகிறது. ஜப்பானிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. தனியார் நிறுவனங்களுக்கான வீதம் அங்கே 2024 ஏப்ரலில் நூற்றுக்கு 2.5 ஆக உயர்த்தப்பட்டது. குறைத்துச் சேர்த்தவரிடம் வாங்கி, கூடுதலாகச் சேர்த்தவருக்குக் கொடுக்கிறார்கள். கொழும்பின் பெருநிறுவனங்களிடம் அப்படி ஒரு பங்கு கேட்பது பாவமா?

வடக்கே யாழ்ப்பாணத்தில், 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்தியதோடு நில்லாமல், தொழில் தொடங்கக் கடனும் கொடுத்து வந்திருக்கிறது. கால் கிடைத்தவன் எங்கே நடந்து போவான் என்று எண்ணிப் பார்த்த நிலையம் அது. அந்த எண்ணம் நாட்டின் விதியாக வேண்டும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அரசு தரும் மாத உதவித்தொகை வருமானம் குறைந்தவர்க்கே உரியது. வேலைக்குப் போனால் அது நின்றுவிடுமோ, வேலையும் போனால் இரண்டும் இல்லாமற்போகுமோ என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் அறிவீனமன்று, அனுபவம். வேலைக்குச் சேர்ந்த முதலாண்டு உதவித்தொகை நிற்காது, வேலை இழந்தால் மறு மாதமே திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பிறகு பாருங்கள், எத்தனை பேர் கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள் என்று.

அரசைக் கேட்பதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. அரிசி ஆலை உடையவர்களே, நிறுவையும் கணக்கும் பார்க்க இருகால் கட்டாயமா? கூட்டுறவுக் கடைக்காரர்களே, பொருளை அடுக்கக் காது கேட்டே ஆக வேண்டுமா? கடற்றொழிலாளரே, வலை பொத்துவதற்கு நடை வேண்டுமா? ஆசிரியர்களே, கணக்காளர்களே, சட்டத்தரணிகளே, பிரதேச செயலகத்தில் அபிவிருத்திக் கூட்டம் நடக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்: இந்தப் பிரதேசத்தில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? வேலை கிடைத்தவர் எத்தனை பேர்? ஓராண்டு நிலைத்தவர் எத்தனை பேர்? உழவர்களே, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கடைக்கோடி வயலுக்கு நீர் வந்ததா என்று உரத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அதே குரலில் இதையும் கேளுங்கள்.

குளம் நிறைந்ததைக் காட்டிக் கடைசி வயற்காரனைச் சமாதானப்படுத்த முடியாது. சான்றிதழைக் காட்டி அந்த இளைஞரைச் சமாதானப்படுத்தவும் முடியாது. ஒரு பாலம் வந்தபோது இந்த ஊர் எப்படி மாறியது என்று அறிந்தவர்கள் நீங்கள். தரமில்லாப் படகு என்ன செய்யும் என்றும் அறிந்தவர்கள் நீங்கள். அக்கரையிற் கால் ஊன்றி நிற்கும்வரை கைவிடாத சேவைக்கே நம் பணம் என்று சொல்வோம். அந்தச் சொல் கிண்ணியாவிலிருந்து எழட்டும்.