தூளி தளரும்போது
(சந்திப்பு விழாவில், பிசியோதெரபிஸ்ட்டாகப் பணிபுரியும் பழைய மாணவி ஆற்றிய உரை)



காலையில வேன்ல வரும்போது பழைய ஹாஸ்டல் கதை பேசிச் சிரிச்சோம். சிரிக்கும்போதே ரெண்டு பேர் காலை இறுக்கிக்கிட்டாங்க. ஒருத்தி வழி முழுக்கத் தண்ணியே குடிக்கல. பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க! இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நானும் அப்படித்தான். தும்மல் வந்தாலே கலக்கம். இதையே படித்துத் தொழிலாகச் செய்யும் நான், நாலு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டினாற்போலத் தசைகள் உள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். பிரசவம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, மாதவிடாய் நிற்பது இவற்றால் அது தளரலாம்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல், 1948-ல் இதற்கான பயிற்சியை எழுதினார். கெகல் பயிற்சின்னு பேர் நிலைச்சுப் போச்சு. அதோடு அவர் ஒரு கருவியையும் செய்தார் என்பதை மறந்துட்டோம். காற்றடைத்த ரப்பர் குழலைப் பெண்ணுறுப்பில் வைத்து இறுக்கினால், அதோடு இணைத்த அழுத்தமானியில் முள் ஏறும். தப்பா முக்கினாலும் முள் ஏறும். அதனால பக்கத்துல தெரிஞ்சவங்க வேணும். 1985-ல் எடைக் கூம்புகள் வந்தன. சின்னக் கூம்பை உள்ளே வைத்து நடந்தால், நழுவாமல் தாங்கத் தசை இறுகும். இப்போது செல்போனில் அளவு காட்டும் கருவிகளும் கிடைக்கின்றன.

வாங்கலாமா? அவசரப்படாதீங்க. பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. முறையாகக் கற்றுக்கொண்டு பயிற்சி செய்தவர்களுக்கும், அதோடு அளவு காட்டும் கருவியும் சேர்த்தவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்து வித்தியாசம் தெரியவில்லை. தசையைக் கண்டுபிடிக்கவே முடியாதவங்களுக்குக் கருவி உதவலாம். மத்தவங்களுக்குக் கட்டாயமில்லை.

வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளே தூக்கி இறுக்குங்க. மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் சும்மா இருக்கட்டும். முடிந்த அளவு, பத்து விநாடி வரை பிடித்து, அதே நேரம் தளர விடணும். ஒரு தடவைக்கு எட்டு முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது அடக்கிப் பழகாதீங்க.

எனக்கு மூணாவது மாசம்தான் வித்தியாசம் தெரிஞ்சது. இப்பவும் பஸ் ஸ்டாப்பில் நின்னுக்கிட்டே செய்யறேன், யாருக்குத் தெரியும்!

கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில வாரமே ஆனவங்களும், தொற்று இருப்பவங்களும் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் தொட வேண்டாம். அடிவயிறு கனத்துக் கீழே ஏதோ இறங்குவதுபோலத் தெரிந்தாலோ, சிறுநீரில் ரத்தம் கண்டாலோ முதலில் பரிசோதனை.

மைக்கில் கேட்கக் கூச்சமா இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் தனியா உட்கார்ந்திருப்பேன், வாங்க.