பிறவாத குட்டியின் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே, நெவாடா முதலிய வறண்ட மாநிலங்களிற் காட்டுக் குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. ஐரோப்பியர் கொண்டுவந்து, பின்னர்க் கட்டவிழ்ந்து போன குதிரைகளின் வழிவந்தவை அவை. அவற்றைக் காக்கும்பொருட்டு 1971ஆம் ஆண்டில் அந்நாடு சட்டம் இயற்றிற்று. குதிரைகளுக்குக் காவல் கிடைத்தது. செலவோ ஆண்டுதோறும் வளர்ந்தது.

தடுப்பாரில்லாத கூட்டம் நான்கைந்து ஆண்டுகளில் இருமடங்காகும். குதிரையும் கழுதையுமாக ஏறக்குறைய 27,000 விலங்குகளையே நிலம் தாங்கும் என்பது அரசாங்கத்தின் மதிப்பாக இருந்தது. 2020இல் இருந்தவையோ 95,000 அளவின. மிகுதியைப் பிடித்து, வளர்க்க விரும்புவோருக்குக் கொடுப்பது வழக்கம். கொள்வோர் போதாமையால், அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவை அரசாங்கச் செலவிற் பட்டிகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பராமரிக்கப்பட்டன. 2023ஆம் நிதியாண்டில் இதற்குச் சென்ற பணம் பத்துக் கோடி டொலருக்கும் அதிகம். திட்டத்தின் முழுச் செலவில் இது மூன்றில் இரண்டு பங்காகும்.

இதற்கு மாற்றாகக் கருத்தடை மருந்து உண்டு. பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து பெறும் புரதத்தைப் பெண்குதிரையின் உடலிற் செலுத்தினால், கருத்தரிப்பு ஏறக்குறைய ஓராண்டு தடைப்படும். ஒருமுறைக்கான மருந்தின் விலை சில பத்து டொலர். பட்டியில் ஒரு குதிரையை ஆயுள்முழுதும் காக்கவோ பல்லாயிரம் டொலர் வேண்டும். ஆயின், மருந்து மலிவாயினும் அதனைச் செலுத்துவது மலிவன்று. பரந்த வெளியில் மனிதரைக் கண்டு மிரண்டோடும் குதிரைகளை ஹெலிகொப்டர் கொண்டு வளைத்துப் பிடித்தல் வேண்டும். மருந்தின் வலி குன்றியதும் மீண்டும் செலுத்துதல் வேண்டும்.

அத்திலாந்திக் கரையோரத்து அசற்றீக் தீவில் நிலைமை வேறு. கூட்டம் சிறியது, ஒவ்வொரு குதிரையும் அடையாளம் அறியப்பட்டது. மேரிலாந்து மாநிலத்துக்குரிய பகுதியில், 1994 முதல் ஊழியர் நடந்துசென்று தூரத்தினின்றே மருந்தூசியை எய்தனர். 175 வரை பெருகியிருந்த கூட்டம் காலப்போக்கில் 100க்குக் கீழ் இறங்கிற்று. ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் சென்றன. ஈன்று பாலூட்டும் சுமை நீங்கிய குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தமையும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே, கருத்தடை நாளைய செலவைக் குறைக்குமேயன்றி, இன்று பட்டியில் நிற்கும் குதிரையின் தீனியைக் குறைக்காது. அரசாங்கத்தின் இடர்ப்பாடும் இதுவே. பிடித்த குதிரைகளுக்கே பெரும்பணம் கரைவதாற் பிறப்பைத் தடுக்கப் பணம் போதவில்லை. தடுக்காமையாற் பிடிக்கவேண்டியவை பெருகுகின்றன. இச்சுழலினின்று மீளச் சில ஆண்டுகளுக்கேனும் இரு செலவையும் ஒருங்கே ஏற்றல் வேண்டும். அதற்குப் பின்வாங்கினால், மேய்ச்சல் நிலத்துப் புல்லும் நீரும் குன்றும். அக்குறையை முதலில் உணர்வது குதிரையின் வயிறேயாகும்.